தாடைக்குக் கட்டம் இல்லை

மிருக ஆஸ்பத்திரிக்கு வருகிற கூட்டத்தில் மிருகங்கள் எவ்வளவோ தேவலை என்பது பேண்டேஜ் அக்காவின் இருபத்திரண்டு வருட அபிப்பிராயம். மிருகம் வலித்தால் கத்தும், வலி நின்றால் நிறுத்திவிடும். கூட வருகிற மனிதர்கள் ஒன்றும் வலிக்காமலே கத்துவார்கள். "என் குழந்தைங்க, பார்த்து ஊசி போடுங்க" என்று ஒரு நாய்க்காரர் கண் கலங்கினால், "குழந்தைன்னா குளிப்பாட்டியிருக்கலாமே" என்பாள். "எங்க கிளி மூணு நாளா சாப்பிடல" என்று ஓர் அம்மாள் மூக்கைச் சிந்தினால், "உங்க சமையலை அதுவும் எத்தனை நாள்தான் பொறுத்துக்கும்" என்பாள். புகார்ப் பெட்டியில் விழுந்த காகிதங்களில் முக்கால்வாசி அவளைப் பற்றியவை. மீதி, கழிப்பறையைப் பற்றியவை.

தரை துடைக்கச் சேர்ந்தவள். ஒரு நாள் கட்டுப் போடுகிறவர் வராமல் போக, டாக்டர் பிடிக்க முடியாமல் தடுமாறிக்கொண்டிருந்த பூனையைத் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து ஒரு துண்டில் சுருட்டிக் கொடுத்தாள். நாலு காலும் உள்ளே, தலை மட்டும் வெளியே, மூச்சு முட்டாமல், உருவிக்கொண்டு வரவும் முடியாமல். அன்றைக்குத் துடைப்பத்தை விட்டவள்தான். அதற்குப் பிறகு ஏழு டாக்டர்கள் வந்து போய்விட்டார்கள். வருகிற டாக்டர் ஒவ்வொருவரும் முதல் வாரம் அவளை அதிகாரம் செய்வார். இரண்டாம் வாரம் ஒரு பூனை வரும். மூன்றாம் வாரத்திலிருந்து "அக்கா" என்று கூப்பிடுவார்.

இத்தனைக்கும் வீட்டில் ஒரு பூனை கிடையாது. கேட்டால், "நாள் பூரா பார்க்கிற மூஞ்சி போதாதா?" என்பாள்.

அவளுக்கு உலகத்தில் ஆகாதவர்கள் நிறைய. அவர்களை வரிசையாக நிற்க வைத்தால் முதல் ஆள் தம்பி பெண்டாட்டி. பகைக்குக் காரணம் ஒரு போட்டோ. பன்னிரண்டு வருடத்துக்கு முன் தம்பி கல்யாணத்தில் குடும்பப் படம் எடுக்கும்போது மணப்பெண், "அண்ணி, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க, என் புடவை மறையுது" என்று சொல்லிவிட்டாள். தள்ளி நின்றதில் பேண்டேஜ் அக்காவுக்குப் பாதி முகம்தான் விழுந்தது. அந்தப் பாதி முகம் தம்பி வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு இன்னும் தொங்குகிறது. அவள் அந்த வீட்டுக்குப் போனால் முதலில் அதைப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவாள்.

தம்பி பெண்டாட்டி ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு அறிவியல் டீச்சர். பிள்ளைகள் வைத்த பெயர் சார்ட் மிஸ். எதைச் சொன்னாலும் சார்ட் எழுதித் தொங்கவிட்டுத்தான் சொல்லுவாள். இரண்டு வருடமாக அவளுடைய புகழுக்கெல்லாம் காரணம் 'பூனையின் நான்கு திறமைகள்' என்ற சார்ட். ஓரமெல்லாம் ஜிகினா. இருட்டில் பார்க்கும் கண், எலியின் கால் சத்தம் கேட்கும் காது, இடுக்கின் அகலம் அளக்கும் மீசை. நாலாவது, மேலேயிருந்து விழுகிற பூனை காற்றில் புரண்டு நாலு காலில் நிற்பதை நாலு படமாக வரைந்திருந்தாள். நாலாவது படத்தில் பூனை சிரித்துக்கொண்டிருக்கும். பக்கத்துப் பள்ளி டீச்சர்கள் எல்லாம் வந்து போனில் படம் பிடித்துப் போனார்கள்.

சனிக்கிழமையிலிருந்து செவ்வாய்க்குள் ஆஸ்பத்திரிக்கு நாலு பூனை வந்தது. ஒன்றுக்கு முன்னங்கால் முறிவு. இரண்டுக்குக் கீழ்த்தாடை நடுவில் பிளவு. நாலாவதற்குக் காயமே இல்லை. ஒரு பக்கத்து மீசையை மட்டும் யாரோ கத்தரிக்கோலால் ஒட்ட நறுக்கியிருந்தார்கள். அது கதவு இடுக்கில் தலையை விட்டு மாட்டிக்கொண்டதாம். "இதுக்கு நான் என்னம்மா கட்டுப் போடறது? ஒட்டு மீசையா?" என்று அந்த வீட்டு அம்மாளை விரட்டி அனுப்பினாள்.

செவ்வாய்க்கிழமை வந்த தாடைப் பூனையோடு எட்டு வயதுப் பெண் ஒருத்தியும் அப்பாவும் வந்தார்கள். டாக்டர் மயக்க ஊசி போட்டு, இரண்டு பாதித் தாடையையும் மெல்லிய கம்பியால் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். பேண்டேஜ் அக்கா தலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்பா வெளியே போனில். பெண் அழுத கண்ணோடு பெஞ்சில் உட்கார்ந்து நோட்டில் என்னவோ எழுதிக்கொண்டிருந்தாள்.

வேலை முடிந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்த பேண்டேஜ் அக்காவிடம் அந்தப் பெண் கேட்டாள்: "ஆன்ட்டி, நாலு கால்லதான் விழுந்துச்சு. நான் நல்லா பார்த்தேன். அப்புறம் தாடையும் தரையில பட்டுச்சு. அதை எங்க எழுதறது? கட்டம் இல்லையே."

பேண்டேஜ் அக்கா நோட்டைப் பிடுங்கினாள். உள்ளே ஓர் அச்சடித்த தாள் ஒட்டியிருந்தது. 'உன் வீட்டுப் பூனையைக் கவனித்து எழுதுக. மதிப்பெண் 10.' கீழே ஓர் அட்டவணை. ஒரு பக்கம் 'உயரம்'. இன்னொரு பக்கம் 'எத்தனை காலில் விழுந்தது?' மொத்தம் ஐந்து வரிசை. பெண் நாலு வரிசையை நிரப்பியிருந்தாள். கட்டில், 4. மேசை, 4. அலமாரி, 4. மாடிப் படி வளைவு, 4.

"அஞ்சாவது?"

"அதுக்குள்ள ரத்தம் வந்துடுச்சு" என்றாள் பெண், குற்ற உணர்ச்சியோடு. ஒரு வரிசை காலியாக விட்டால் இரண்டு மார்க் போய்விடும்.

பேண்டேஜ் அக்காவுக்கு வாய் நிறைய வந்தது. எட்டு வயதுக் குழந்தையைத் திட்டிப் பழக்கமில்லாததால் வெளியே போய் அப்பாவைத் திட்டிவிட்டு வந்தாள். பிறகு சிகிச்சைப் பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்தாள். போன வருடம் இதே மாதம்: தாடை, தாடை, இடுப்பு, தாடை. அதற்கு முந்தின வருடம்: தாடை, முன்னங்கால், தாடை. அதற்கும் முன்னால் இந்த மாதத்தில் பூனைகள் ஒழுங்காகச் சளி பிடித்துத்தான் வந்திருக்கின்றன. அப்போது சார்ட் இல்லை.

"போன வெள்ளிக்கிழமை எங்க ஏ செக்‌ஷனுக்குக் குடுத்தாங்க" என்றிருந்தாள் பெண். "வர்ற வெள்ளி கடைசி பீரியட்ல பி செக்‌ஷனுக்கு." பி செக்‌ஷனில் நாற்பது பிள்ளைகள். அவர்கள் வீட்டிலெல்லாம் எத்தனை பூனையோ, எத்தனை மாடியோ. வெள்ளிக்கிழமைக்குள் அந்தத் தாளை நிறுத்தியாக வேண்டும். நிறுத்தக்கூடிய ஒரே ஆள், அவள் பேச்சை ஜென்மத்தில் கேட்காத ஆள்.

அன்று சாயங்காலமே தம்பி வீட்டுக்குப் போனாள். போட்டோவைப் பார்த்தாள். உட்கார்ந்தாள்.

"வாங்க அண்ணி" என்றாள் தம்பி பெண்டாட்டி, தரையில் சார்ட் தாளை விரித்து ஜிகினா ஒட்டிக்கொண்டே. "வழி தெரிஞ்சுதா?"

"வழி தெரியும். வரத்தான் பிடிக்கல. உன் பூனைத் தாளைப் பத்திப் பேச வந்தேன். நாலு நாள்ல நாலு பூனை வந்திருக்கு. எல்லாம் உன் ஏ செக்‌ஷன் பூனை."

"அதுக்கு?"

"அதுக்கா? பசங்க தூக்கித் தூக்கிப் போட்டிருக்காங்கம்மா!"

"நான் கவனிச்சு எழுதுங்கன்னு சொன்னேன். தூக்கிப் போடச் சொல்லல."

"பூனை தானா எப்ப விழும்? புதன்கிழமைக்குள்ள நோட்டு வெச்சாகணும்னு அதுக்குத் தெரியுமா? அஞ்சு வரிசை போட்டு வெச்சிருக்கியே, எந்தப் பூனையாவது ஒரே வாரத்துல அஞ்சு தடவை, உயரத்தைச் சொல்லிட்டு விழுமா?"

"பூனை நாலு கால்லதான் விழும். அது அறிவியல்."

"நாலு கால்லதான் விழுது, யார் இல்லன்னா? விழுந்த வேகத்துல தலை குனிஞ்சு மோவாய் தரையில இடிக்குது. அதுவும் அறிவியல்தான். தாழ்வான கட்டில்ல இருந்து போட்டா புரள நேரமே கிடைக்காது. அதுவும் அறிவியல். உன் சார்ட்ல சிரிக்குதே ஒண்ணு, அது விழுந்து எத்தனை நாள் கழிச்சு வரைஞ்சது?"

தம்பி பெண்டாட்டி பசையை மூடி வைத்தாள். "உங்களுக்கு என் சார்ட் பிரச்சனை இல்ல அண்ணி. என்னை நாலு பேர் பாராட்டுறாங்க, அதான் பிரச்சனை. அந்தப் போட்டோவை இன்னும் நெஞ்சுல வெச்சுக்கிட்டு அலையறீங்க."

"டேய், நீயாவது சொல்லுடா" என்று தம்பியைப் பார்த்தாள். பேப்பருக்குப் பின்னாலிருந்து குரல் மட்டும் வந்தது.

"அக்கா, ஸ்கூல் விஷயத்துல நான் தலையிடறதில்ல."

"வீட்டு விஷயத்துலயும் நீ தலையிட்டு நான் பார்த்ததில்ல. பேப்பர் தலைகீழா இருக்கு, திருப்பிப் பிடி."

அது நேராகத்தான் இருந்தது. ஆனாலும் அவன் ஒரு தரம் திருப்பிப் பார்த்துக்கொண்டான்.

புதன்கிழமை டாக்டரிடம் போனாள். பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதித் தரச் சொன்னாள். டாக்டரின் மகன் அதே பள்ளியில் இரண்டாம் வகுப்பு; அடுத்த வருடம் சார்ட் மிஸ்ஸிடம்தான் போக வேண்டும். டாக்டர் ஒரு மணி நேரம் யோசித்து, 'பிராணிகளிடம் அன்பு காட்டுவது அனைவர்க்கும் நன்று' என்று ஒரே வரி எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார்.

"டாக்டர், இதை எங்க மாட்டறது? கழிப்பறையிலயா?"

"அக்கா, நான் வைத்தியம் பார்க்கிறவன். சாட்சி சொல்றவன் இல்ல" என்றார் டாக்டர். அவர் வந்து மூன்றாம் வாரம் முடிந்து வெகு நாளாகியிருந்தது.

வியாழக்கிழமை தலைமையாசிரியரைப் பார்க்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை அரை நாள் லீவு சொல்லிவிட்டு, பதிவேட்டையே அக்குளில் இடுக்கிக்கொண்டு மதியம் பள்ளிக்குப் போனாள்.

தலைமையாசிரியர் யாரையும் நேராகப் பார்த்துப் பேசாதவர். மேசை மேல் இருக்கிற பேப்பர் வெயிட்டைப் பார்த்துத்தான் பேசுவார். பதிவேட்டை அவள் பிரித்துக் காட்டக் காட்ட அவர் பேப்பர் வெயிட்டை உருட்டிக்கொண்டே கேட்டார்.

"நீங்க அந்த டீச்சருக்கு என்ன உறவு?"

"நாத்தனார்."

"ஓ" என்றார். அந்த 'ஓ'வில் இரண்டு வருடத்துப் பதிவேடும் மூழ்கிப்போனது. "பாருங்கம்மா, வீட்டுச் சண்டையை வீட்டுலயே..."

"வீட்டுச் சண்டைக்கு வீடு இருக்கு சார். இது தாடை." பதிவேட்டைத் தட்டினாள். "நான் சொல்றது பொய்யின்னா, ஏ செக்‌ஷன் நோட்டைக் கொண்டு வரச் சொல்லுங்க."

சார்ட் மிஸ்ஸே கொண்டுவந்தாள், நாற்பது நோட்டையும் மார்போடு அணைத்து. "நல்லா பாருங்க சார். பிள்ளைங்க எவ்வளவு ஆர்வமா எழுதியிருக்காங்கன்னு நானே படிக்கிறேன்" என்று மேலே இருந்த நோட்டைப் பிரித்தாள்.

"உயரம், நாற்காலி. நாலு. உயரம், மேசை. நாலு. உயரம், தண்ணித் தொட்டி மேல். நாலு. உயரம், மொட்டை மாடி..." குரல் இறங்கியது. "...ரெண்டு. உயரம், மொட்டை மாடி. மறுபடி போடல, அம்மா அடிச்சாங்க."

அதற்குக் கீழே சிவப்பு மையில் ஒரு பெரிய டிக். 'மிக நன்று. 10/10.' சார்ட் மிஸ்ஸின் கையெழுத்து, முத்து முத்தாக.

அடுத்த நோட்டைப் பிரித்தாள். படிக்கவில்லை. அடுத்ததையும் பிரித்தாள். எல்லாவற்றிலும் மிக நன்று. எதையும் படித்துத் திருத்தியிருக்கவில்லை. பத்து கட்டமும் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் பார்த்து டிக் அடித்துக்கொண்டே போயிருக்கிறாள். முகம் வெளுத்துவிட்டது. பேண்டேஜ் அக்காவுக்கு அந்த முகத்தைப் பார்க்க, கல்யாணத்திலிருந்து காத்திருந்த சந்தோஷம் ஒன்று வந்திருக்க வேண்டும். வரவும் செய்தது. ஆனால் சுவரில் இருந்த கடிகாரம் கடைசி பீரியடுக்கு இருபது நிமிஷம் என்றது. அச்சடித்த நாற்பது புதுத் தாளும் சார்ட் மிஸ்ஸின் பையில் இருந்தது.

"தெரிஞ்சுதா? பி செக்‌ஷனுக்கு அதைக் குடுக்காத."

சார்ட் மிஸ் தலைமையாசிரியரைப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்துகொண்டாள். "இன்னைக்கு நான் நிறுத்தினா என்ன சார் அர்த்தம்? அண்ணி வந்து மிரட்டினாங்க, நான் பயந்துட்டேன்னு அர்த்தம். ஸ்டாஃப் ரூம்ல என்ன பேசுவாங்க? என் சார்ட்டால பூனை செத்துதுன்னு பேசுவாங்க."

"சாகல. தாடைதான்."

"நான் நிறுத்தணும்னா, அவங்க எழுதிக் குடுக்கட்டும். சொந்தப் பகையில வந்து புகார் சொன்னேன், அதுல உண்மை இல்லன்னு. அப்புறம் நானா யோசிச்சு பாடத்தை மாத்தின மாதிரி மாத்திக்கிறேன்."

தலைமையாசிரியருக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. புகாரும் இல்லை, பூனையும் விழாது, பள்ளிக்கும் பெயர் கெடாது. முதல் தடவையாகப் பேப்பர் வெயிட்டிலிருந்து கண்ணை எடுத்துப் பேண்டேஜ் அக்காவைப் பார்த்தார். "நல்ல யோசனைதானேம்மா? ஒரு கையெழுத்துதான்."

பேண்டேஜ் அக்கா வாழ்க்கையில் மன்னிப்புக் கேட்டதில்லை. ஒரு தடவை தவறுதலாக ஒருவர் கால் விரலையும் நாயின் காலோடு சேர்த்துக் கட்டிவிட்டபோதுகூட, "நீங்க ஏன் காலை அங்க வெச்சீங்க?" என்று கேட்டவள். எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. போனால் நாளைக் காலை முதல் பூனை சுருட்டத் துண்டோடு நிற்க வேண்டும். எத்தனை துண்டு என்றுதான் தெரியாது.

"பேப்பர் குடுங்க" என்றாள்.

தலைமையாசிரியர் சொல்லச் சொல்ல எழுதினாள். 'சொந்தப் பகையின் காரணமாக...' கை மெதுவாகப் போயிற்று. எட்டாம் வகுப்போடு நின்ற கையெழுத்து.

"பொறாமையினாலும்னு சேர்த்துக்கலாமா?" என்றாள் சார்ட் மிஸ்.

"போதும்மா" என்றார் தலைமையாசிரியர், சங்கடமாக.

"சேர்த்துக்கறேன்" என்றாள் பேண்டேஜ் அக்கா, நிமிராமல். "மணி ஆகுது. வேற ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடு. பேராசை, திமிர், தலைக்கனம், எதுவானாலும் எழுதறேன். ஒரே கையெழுத்துதான்."

எழுதி, கையெழுத்துப் போட்டு, காகிதத்தை மேசையில் தள்ளினாள். சார்ட் மிஸ் அதை இரண்டு தரம் படித்தாள். இந்த வாரத்தில் அவள் முழுதாகப் படித்த முதல் காகிதம் அதுவாகத்தான் இருக்கும். பிறகு மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அச்சடித்த தாள் கட்டைப் பையிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள்.

"நான் கண்ணால பார்த்துட்டுப் போறேன்" என்றாள் பேண்டேஜ் அக்கா. "உன் வார்த்தையை நம்பி வீட்டுக்குப் போற அளவுக்கு நான் வளரல."

பி செக்‌ஷன் வாசலில் கதவோரம் நின்றாள். உள்ளே சுவரில் ஜிகினா சார்ட். நாற்பது தலை. சார்ட் மிஸ் உள்ளே நுழைந்ததும் குரல் தேனாகிவிட்டது.

"குழந்தைகளா, உங்களுக்கு மிஸ் வேற ஒரு அழகான வேலை தரப்போறேன். உங்க பூனை ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் தூங்குதுன்னு பார்த்து எழுதணும்."

"ச்சே!" என்றது வகுப்பு, ஒரே குரலில். ஏ செக்‌ஷன்காரர்கள் ஒரு வாரமாக இவர்களிடம் அளந்திருந்தார்கள்.

"மிஸ், ஏ செக்‌ஷனுக்கு மட்டும் தூக்கிப் போடற வேலை, எங்களுக்குத் தூங்கற வேலையா?"

"மிஸ், எங்க பூனை மூணு மாடியில இருந்துகூட நிக்கும் மிஸ்!"

"மிஸ்" என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு சின்னப் பெண் எழுந்தாள். "தூங்கற பூனையைத் தூக்கிப் போட்டா எத்தனை கால்ல விழும்?"

வகுப்பு மொத்தமும் சார்ட் மிஸ்ஸைப் பார்த்தது. நல்ல கேள்வி. சார்ட் மிஸ் வாயைத் திறந்தாள். கண் தானாக வாசலுக்குப் போயிற்று.

பேண்டேஜ் அக்கா உத்தரவு கேட்காமல் உள்ளே வந்தாள். மேசை முன்னால் நின்று, மணிக்கட்டில் பொத்தானிட்டிருந்த சட்டைக் கையை அவிழ்த்து மேலே சுருட்டினாள். இரண்டு கையையும் நீட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வெள்ளைக் கோடு, பழுப்புக் கோடு, குறுக்கும் நெடுக்கும், பழைய பலகையில் கத்தி வைத்து அரிந்த மாதிரி.

முன் பெஞ்சு பின்னால் சாய்ந்தது. பின் பெஞ்சு முன்னால் வந்தது.

"இதெல்லாம் எப்படி வந்துச்சு தெரியுமா? வைத்தியம் பண்றதுக்காகத் தூக்கினேன். அடிக்கல, போடல. சும்மா தூக்கினேன். அதுக்கே இது." ஒரு நீளமான தழும்பைக் காட்டினாள். "இது தூங்கிட்டிருந்த பூனை."

கடைசி பெஞ்சுப் பெண் மெதுவாக உட்கார்ந்தாள்.

"உங்க சார்ட்ல கண்ணு இருக்கு, காது இருக்கு, மீசை இருக்கு. இதை எழுதாம விட்டுட்டாங்க. நகம். நடக்கும்போது உள்ள மடக்கி வெச்சிருக்கும், சத்தம் வராது, உங்களுக்கும் தெரியாது. வேணும்னா மட்டும் வெளிய வரும். மொத்தம் பதினெட்டு. நீங்க அதை மாடிக்குத் தூக்கிட்டுப் போறீங்க. அது எதைப் பிடிச்சுக்கும்? உங்க மூஞ்சியைத்தான்."

ஒரு பிள்ளை கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

"அது விழுந்தா தாடை உடையும். நான்தான் கம்பி போட்டுக் கட்டுவேன். மூணு வாரம் அதால மெல்ல முடியாது. கரைச்சு ஊத்தணும். யாராவது பூனையைத் தூக்கிப் போட்டுட்டு என்கிட்ட கொண்டு வந்தீங்க, பூனைக்குக் கட்டுப் போடுவேன். உங்களை என்ன பண்ணுவேன்னு இன்னும் யோசிக்கல."

"அண்ணி" என்றாள் சார்ட் மிஸ் பல்லுக்குள். "கையை மூடுங்க. குழந்தைங்க பயப்படறாங்க."

"பயப்படட்டும்னுதான் காட்டறேன்."

"இதுக்கெல்லாம் நான் அனுமதி தரல."

"நானும் கேக்கல."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நாற்பது பிள்ளைகளும் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். கடைசியில் சார்ட் மிஸ் திரும்பி, சாக்பீஸ் எடுத்து, கரும்பலகையில் முத்து முத்தாக எழுதினாள்: 'நகங்கள் – 18.' எழுதிவிட்டு, "நோட்டுல எழுதிக்கோங்க" என்றாள், தானே கண்டுபிடித்த மாதிரி.

பேண்டேஜ் அக்கா சட்டைக் கைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே வாசலுக்குப் போனாள். அங்கேயிருந்து திரும்பிக் கரும்பலகையைப் பார்த்தாள்.

"முன்னங்கால்ல அஞ்சஞ்சு, பின்னங்கால்ல நாலு நாலு. அதையும் பிரிச்சு எழுதிப் போடு. இல்லன்னா எண்ணிப் பார்க்கக் கிளம்பிடுவாங்க."